தின்னர் கேனுக்கு எது காப்பு: கரோனாவா, ஃபுளோரினா, நைலானா?

திருப்பூர் பிரிண்டிங் பட்டறைகளில் தின்னரும், ஈரோட்டுப் பூச்சிமருந்துக் கடைகளில் சைலீன் கலந்த மருந்தும் எச்.டி.பி.ஈ. எனப்படும் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் கேன்களில் வைக்கப்படுவதுண்டு. டொலுவீன், சைலீன் போன்ற ஹைட்ரோகார்பன்கள் அறை வெப்பத்தில் இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைப்பதில்லை. ஆனால் சுவருக்குள் ஊறி அதை உப்பச் செய்து, மெல்ல மெல்ல வெளியேறுகின்றன. கேனின் பக்கங்கள் உள்வாங்குவதும், மூடி இறுக்கமாக இருந்தும் வாடை அடிப்பதும் இதனால்தான்.

பிளாஸ்டிக்கின் மேல் மின்பொறி பாய்ச்சும் கரோனா டிரீட்மென்ட் இதற்கு மருந்தல்ல. அந்த மின்பொறி, சென்டிமீட்டருக்குச் சுமார் 31 டைனாக இருக்கும் மேற்பரப்பு ஆற்றலை (திரவம் பரவி ஒட்டுவதைத் தீர்மானிக்கும் அளவு) 38க்கு மேல் உயர்த்தி, வெளிப்புறத்தில் மை ஒட்டுவதற்கு மட்டுமே உதவுகிறது. அதன் விளைவு மிக மெல்லிய மேல்தோலோடு நின்றுவிடுவதோடு, நாள்பட மங்கியும் போகிறது. 'டிரீட்மென்ட் செய்த கேன்' என்று கடைக்காரர் சொன்னால், எந்த டிரீட்மென்ட் என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். நைட்ரஜனில் கலந்த ஃபுளோரின் வாயு பட்டதும், மேற்பரப்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களின் இடத்தை ஃபுளோரின் அணுக்கள் பிடித்துக்கொள்கின்றன. ஒருசில மைக்ரானைத் தாண்டாத இந்தப் படலமே ஹைட்ரோகார்பன் ஊறுவதைப் பெருமளவு தடுக்கிறது. கோஎக்ஸ் எனப்படும் பல அடுக்குக் கேனிலோ, நைலான் தனி அடுக்காகவே வார்க்கப்படுகிறது. அது தடிமனானது என்பதால் உராய்வைத் தாங்கும். ஆனால் தண்ணீரோ மெத்தனாலோ கலந்த சரக்கில் நைலான் இளகி, தடுப்பு குறைந்துவிடும்.

ஆகவே கம்பிப் பிரஷ் போட்டுக் கழுவித் திரும்பப் பயன்படுத்தும் பட்டறைக்கு நைலான் அடுக்கையே பரிந்துரைப்பேன். ஒருமுறை நிரப்பி அனுப்பும் ஹைட்ரோகார்பன் சரக்குக்கு ஃபுளோரின் கேன் போதும். மெத்தனாலுக்கு இரண்டும் வேண்டியதில்லை, சாதாரணக் கேனே தாங்கும்.

ஃபுளோரின் கேன்களிலிருந்து பிஃபாஸ் (PFAS) எனும், எளிதில் சிதையாத ஃபுளோரின் வேதிப்பொருள்கள் பூச்சிமருந்தில் கலந்ததை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2021இல் அறிவித்தது. எந்தக் காரணத்துக்காகவும் அந்தக் கேன்களில் குடிநீரோ எண்ணெயோ ஊற்றக் கூடாது.

வாங்குமுன் சோதிப்பதும் எளிது: பட்டறையில் புழங்கும் அதே தின்னரை மாதிரிக் கேனில் நிரப்பி, மூடியை இறுக்கி, எடைபோட்டு, தீ அண்டாத நிழலில் ஒரு மாதம் வைத்து மறுபடி எடைபோட்டால், சுவர் வழியே எவ்வளவு போயிருக்கிறது என்பது கிராம் கணக்கில் தெரிந்துவிடும்.