வெளிச்சம் தெரிந்த அரெஸ்டர்: கேஸ் வெல்டிங் செட் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

ஆக்சிஜன்-அசிட்டலின் வெல்டிங் செட் ஒன்றை வாங்கி நான் ஏமாந்த விதத்தையும், அந்த ஏமாற்று வெளிப்பட்ட நாளில் நடந்ததையும், இதே போன்ற செட்டைத் தங்கள் பட்டறைக்கு வாங்க எண்ணியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பணம் போனதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. உயிரைக் காக்கும் என்று நம்பி நான் வாங்கிய ஒரு பாகம், உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பித்தளைக் குழாயாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்று வரை மன்னிக்க முடியவில்லை. விற்றவர் யார் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளாக மின்சார வெல்டிங் மட்டுமே செய்து வந்தவன் நான். மெல்லிய தகடுகளை ஒட்டவும், பித்தளைப் பற்று வைக்கவும், துருப்பிடித்து இறுகிய போல்ட்டுகளைச் சூடாக்கிக் கழற்றவும் கேஸ் தேவைப்பட்டது. விற்றவர் மிகுந்த அக்கறையோடு பேசினார். சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர்கள் இரண்டு, இரண்டு ஹோஸ்கள், கையில் பிடித்துச் சுடரை எழுப்பும் டார்ச், அதன் முனையில் மாட்டும் நாசில்கள், சுடர் ஹோஸ் வழியே பின்னோக்கி ஓடாமல் தடுக்க ஒவ்வொரு ரெகுலேட்டருக்கும் ஒரு ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர், எல்லாமே புதியவை என்றும், தாமே வந்து மாட்டிக் கொடுத்துப் பற்ற வைக்கவும் கற்றுத் தருவதாகவும் சொன்னார். அவர் கொடுத்த பில்லில் ‘வெல்டிங் செட் – 1’ என்ற ஒரே வரிதான் இருந்தது. அந்த வரியை அன்று நான் இரண்டாம் முறை படித்திருந்தால் இந்தப் பதிவுக்குத் தேவையே இருந்திருக்காது.

மாட்டிக் கொடுத்த நாளில் அவர் செய்த முதல் தவறு, வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்த அசிட்டலின் சிலிண்டரை இறக்கி நிறுத்திய உடனேயே ரெகுலேட்டரை மாட்டியது. அசிட்டலின் சிலிண்டர் மற்ற சிலிண்டர்களைப் போல உள்ளே வெறும் கூடாக இருக்கும் பாத்திரம் அல்ல. அதனுள் நுண்துளைகள் நிறைந்த ஒரு திடப்பொருள் நிரப்பப்பட்டிருக்கும். அந்தத் துளைகளில் அசிட்டோன் ஊறியிருக்கும். அந்த அசிட்டோனில்தான் வாயு கரைந்திருக்கும். தனி வாயுவாக அழுத்தினால் தானே சிதைந்து வெடிக்கக்கூடிய அசிட்டலினை அடக்கி வைக்க மனிதர் கண்டுபிடித்த வழி இது. இந்த நுண்துளைப் பொருளை மேம்படுத்திய சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாஃப் டாலேன், 1912ஆம் ஆண்டு ஓர் அசிட்டலின் வெடிப்பில் பார்வையை இழந்தார். அதே ஆண்டில்தான் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தது. இந்த வாயுவைப் பற்றி அவ்வளவு அறிந்தவருக்கே அந்த நிலை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சிலிண்டரைப் படுக்க வைத்தால் அசிட்டோன் வால்வுப் பக்கம் வந்து சேர்ந்துவிடும். அது நீர்மமாகவே வெளியேறி ரெகுலேட்டரின் ரப்பர் பாகங்களையும் ஹோஸையும் கெடுக்கும். எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ, குறைந்தது அவ்வளவு நேரமாவது நிமிர்த்தி வைத்த பிறகே திறக்க வேண்டும். பற்ற வைத்தபோது வந்த கூர்மையான வாடை புது ஹோஸின் வாடை என்று அவர் சொன்னதை நானும் நம்பினேன்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. சுடர் நாசிலை விட்டு விலகித் துள்ளியபோது, அசிட்டலின் ரெகுலேட்டரின் திருகை முறுக்கி அழுத்தத்தை ஏற்றினார். அழுத்தம் காட்டும் கேஜின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியதைச் சுட்டிக் காட்டினேன். “அது கம்பெனிக்காரன் சும்மா போடுற கோடு, தம்பி” என்றார். அந்தக் கோடு சும்மா போடப்பட்டதன்று. ஏறத்தாழ 1 பார், அதாவது 15 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் ஹோஸுக்குள் இருக்கும் அசிட்டலின் நிலையற்றது. அது வெடிக்க ஆக்சிஜனோ காற்றோ கூடத் தேவையில்லை, ஓர் அதிர்ச்சியோ சூடோ போதும். அவர் போன பிறகு எனக்கு மனம் கேட்காமல் திருகைத் தளர்த்தி முள்ளைக் கோட்டுக்குக் கீழே இறக்கினேன். அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

ஆக்சிஜன் ரெகுலேட்டரின் மரை மினுமினுத்ததையும் கவனித்தேன். நட்டு எளிதாக ஏறுவதற்காகக் கொஞ்சம் கிரீஸ் தடவியிருப்பதாக, ஏதோ கூடுதல் சேவை செய்தவரைப் போலவே சொன்னார். நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டருக்குள் 150 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். வால்வைச் சட்டெனத் திறந்தால் ரெகுலேட்டரின் வாயிலில் வாயு ஒரே நொடியில் அழுத்தப்பட்டுக் கடுமையாகச் சூடாகும். அந்தச் சூட்டில், தூய ஆக்சிஜன் நடுவே, ஒரு துளி எண்ணெயோ கிரீஸோ இருந்தால் தானே பற்றிக்கொள்ளும். பற்றிய பின் ரெகுலேட்டரின் உலோகமே எரியும். எண்ணெய்க் கையோடு ஆக்சிஜன் இணைப்பைத் தொடக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அதைக் கற்பிக்க வந்தவரே மீறினார், அறியாத நான் தலையாட்டினேன்.

சில வாரங்கள் செட் ஒழுங்காகவே இயங்கியது. பிறகு ஒரு நாள், தடித்த இரும்புப் பட்டை ஒன்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது நாசிலின் முனை உலோகத்தில் தட்டுப்பட்டது. ‘டப்’ என்ற ஓசையோடு சுடர் உள்ளே போனது, அடுத்த கணம் டார்ச்சுக்குள்ளிருந்து சீறலும் விசிலும் கலந்த ஒரு சத்தம் எழுந்தது, கைப்பிடி சூடேறியது, நாசிலிலிருந்து கரும்புகை வந்தது. சுடர் உள்ளே பின்வாங்கினால் முதலில் ஆக்சிஜன் வால்வை மூட வேண்டும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்து, அதை மூடி, பிறகு அசிட்டலின் வால்வை மூடினேன். அதற்குள் எனக்குப் பின்னால் அசிட்டலின் ஹோஸ் வெடித்தது. ரெகுலேட்டரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, கறுப்பு டேப் சுற்றியிருந்த இடத்தில் ஹோஸ் பிளந்து தீ வெளியே வந்துகொண்டிருந்தது. வால்வுச் சாவியைச் சிலிண்டரின் மேலேயே விட்டு வைக்கும் பழக்கமும், வால்வை ஒரு சுற்றுக்கும் குறைவாகவே திறந்து வைக்கும் பழக்கமும் எனக்கு இருந்ததால், ஓடிச் சென்று ஒரே திருப்பில் மூட முடிந்தது. சாவியைத் தேட வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

அக்கம் பக்கத்தில் இருந்தவர்களை உடனே தூரமாக அனுப்பினேன். சுடர் பின்வாங்கிச் சிலிண்டர் வரை எட்டியிருந்தால், உள்ளே அசிட்டலின் மெல்லச் சிதையத் தொடங்கியிருக்கக் கூடும். வெளியே தீ அணைந்த பிறகும் சிலிண்டர் சூடேறிக்கொண்டே போவது அதன் அடையாளம். அப்படிச் சூடேறினால் அதை நகர்த்தவோ திறக்கவோ கூடாது. எல்லோரையும் வெளியேற்றி, தீயணைப்புத் துறையை அழைத்து, தொலைவிலிருந்து நீர் பாய்ச்சிக் குளிர்விக்க வேண்டும். என் சிலிண்டர் குளிர்ந்தே இருந்தது. என் கை முடி கருகியதோடு போயிற்று.

மறுநாள், கேஸ் வெல்டிங்கிலேயே வாழ்நாளைக் கழித்த ஒரு பெரியவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் வந்ததும் செய்த முதல் வேலை, இரண்டு சிலிண்டர்களும் மூடியிருக்கின்றனவா, ஹோஸ்களில் அழுத்தம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்ததுதான். பிறகு அசிட்டலின் பக்க அரெஸ்டரைக் கழற்றி, ஒரு முனையைத் தம் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார். நானும் பார்த்தேன். மறுமுனையில் வாசலின் வெளிச்சம் தெரிந்தது.

உண்மையான அரெஸ்டரில் அப்படித் தெரியவே தெரியாது. அதனுள் உலோகத் துகள்களை நெருக்கிச் சேர்த்துச் செய்த ஒரு வடிகட்டி இருக்கும். வாயு அதன் நுண்ணிய வழிகளில் புகுந்து செல்லும், சுடரோ அந்த உலோகத்தில் வெப்பத்தை இழந்து அணைந்துவிடும். அதோடு வாயு எதிர்த்திசையில் வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றும், பல வகைகளில் சூடேறினால் தானே மூடிக்கொள்ளும் அமைப்பு ஒன்றும் இருக்கும். எனக்குக் கொடுக்கப்பட்டதில் இவற்றில் எதுவுமே இல்லை. ஆக்சிஜன் பக்கம் இருந்ததில் நான்-ரிட்டர்ன் வால்வு மட்டும் இருந்தது. இந்த வேறுபாட்டைப் பலர் அறிவதில்லை: நான்-ரிட்டர்ன் வால்வு வாயுவின் எதிரோட்டத்தைத் தடுக்கும், வேகமாக வரும் சுடரைத் தடுக்காது. நாசில் அடைபட்ட கணத்தில், அழுத்தம் மிகுந்த ஆக்சிஜன் வெளியேற வழியின்றி அசிட்டலின் ஹோஸுக்குள் ஏறியிருக்கிறது. சுடர் அதன் பின்னால் ஓடியிருக்கிறது.

வெடித்த இடத்தில் டேப்பைப் பிரித்தபோது, பெரியவரின் முகம் மாறியது. புது ஹோஸ் என்று விற்கப்பட்டது இரண்டு பழைய துண்டுகள். அவற்றை ஒரு சிறு செம்புக் குழாயால் இணைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கியிருந்தார்கள். அசிட்டலின் செம்போடு சேர்ந்தால் செப்பு அசிட்டலைடு உருவாகும். உலர்ந்த நிலையில், ஒரு தட்டலோ உரசலோ போதும் அது வெடிக்க. அதனால்தான் அசிட்டலின் இணைப்புகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் செம்பு உள்ள உலோகக் கலவைகளைப் பயன்படுத்துவதில்லை. பித்தளை பொருந்துவதும் தனிச் செம்பு பொருந்தாததும் இந்தக் காரணத்தால்தான். அந்தத் துண்டைச் சுரண்டிப் பார்க்கக் கையை நீட்டிய என்னைத் தடுத்து, முதலில் தண்ணீரால் நன்றாக நனைத்தார். என் தோள் உயரத்தில், வாரக்கணக்கில், அதை நான் அங்குமிங்கும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

பாகங்களை எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போனேன். கவனமில்லாமல் வேலை செய்துவிட்டுப் பொருளைக் குறை சொல்வதாகக் கூறினார். அரெஸ்டர் தருவதாகப் பில்லில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

என் பங்குத் தவறையும் மறைக்க விரும்பவில்லை. ஹோஸ் வெடித்த அன்று, பற்ற வைப்பதற்கு முன் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் திறந்து வாயுவை ஓடவிட்டு மூடும் வேலையை நான் செய்யவில்லை. இப்போது நாள்தோறும் செய்கிறேன். ரெகுலேட்டர் திருகு முழுவதும் தளர்ந்திருப்பதை உறுதி செய்து, கேஜுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று, வால்வை மெல்லத் திறக்கிறேன். எண்ணெய்ப் பசையற்ற சோப்புக் கரைசலை ஒவ்வோர் இணைப்பிலும் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறேன். பிறகு சிலிண்டர் வால்வை மூடிவிட்டுச் சில நிமிடங்கள் கேஜின் முள் இறங்குகிறதா என்றும் பார்க்கிறேன். இரண்டு முதல் எண்பது விழுக்காடு வரை காற்றில் கலந்தால் எரியக்கூடிய வாயுவுக்கு, சிறு கசிவு என்று ஒன்று கிடையாது. அசிட்டலினை மட்டும் முதலில் திறந்து, தீக்குச்சியால் அல்லாமல் ஸ்பார்க் லைட்டரால் பற்ற வைத்து, புகை நிற்கும் வரை ஏற்றி, அதன் பிறகே ஆக்சிஜனைச் சேர்க்கிறேன். பெரிய நாசில் போடும்போது சிலிண்டர் அதற்கு ஈடுகொடுக்குமா என்றும் கணக்கிடுகிறேன். ஒரு மணி நேரத்தில் அதில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் அசிட்டோனும் கூடவே வரத் தொடங்கும்.

புதிய பாகங்களைத் தனித்தனியாக வாங்கினேன். ஹோஸின் மேல் ஐஎஸ்ஓ 3821 என்ற சர்வதேசத் தர எண்ணும் தயாரித்த ஆண்டும் நீளம் முழுவதும் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கின்றன. ஒட்டுப்போட்ட ஹோஸில் அந்த வரிசை இணைப்பில் முறிந்துபோகும். அரெஸ்டரின் உடலில் ஐஎஸ்ஓ 5175 என்ற எண்ணும், வாயு செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறியும், எந்த வாயுவுக்கு உரியது என்ற குறியும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. போலியிலும் இவற்றைப் பொறிக்க முடியும் என்பதால், எண்ணெய் கலவாத காற்றைக் குறைந்த அழுத்தத்தில் எதிர்த்திசையில் செலுத்தி, அது நிற்பதைக் கண்ணால் கண்ட பிறகே வாங்கினேன். அசிட்டலின் பக்க நட்டுகளில் வெட்டுத் தடம் இருக்கிறதா, மரை இடப்பக்கம் திரும்புகிறதா என்றும் பார்த்தேன். ஹோஸின் நிறம் நாட்டுக்கு நாடு மாறும். எரிவாயுவுக்கு இடமரை என்பது மாறாது. ஒவ்வொரு பாகமும் தன் பெயரோடும் எண்ணோடும் பில்லில் தனி வரியாக எழுதப்பட்டிருக்கிறது.

இப்படி ‘செட்’ என்று ஒரே வரியில் பில் வாங்கியவர் எவரேனும் இதைப் படித்துக்கொண்டிருந்தால், நாளை பற்ற வைப்பதற்கு முன் இரண்டு சிலிண்டர்களையும் மூடி, ஹோஸ்களில் உள்ள அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றி, அரெஸ்டர்களைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஹோஸில் டேப் சுற்றிய இடம் இருந்தால் அதை நீங்களே பிரிக்காமல், தண்ணீரால் நனைத்துவிட்டு, விவரம் அறிந்த ஒருவரை அழையுங்கள்.