பொம்பளப் புள்ளைய பிரைவேட் ஸ்கூல்ல சேக்கப்போறீங்களா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி இத ஒருக்கா படிங்க

உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரைன்னு நம்ம ராம்நாடு கடக்கரப் பக்கம் யாரெல்லாம் வர்ற ஜூன்ல பொண்ண தனியார் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாம்னு இருக்கீங்களோ அவங்களுக்காகத்தான் எழுதுறேன். எங்க அக்கா மகளுக்கு நடந்தது. ஸ்கூல் பேர் போடல, ரசீது இல்லாம வாங்குன காசுக்காகக் குடுத்த மனு இன்னும் நிலுவையில கெடக்கு.

நான் கத்தார்ல ஏசி வேலை பாக்குறேன். மச்சான் விசைப்படகுல கூலிக்குப் போறவரு, அக்கா நண்டு கம்பெனியில சதை எடுக்குற வேலை. புள்ள ஏழாவது வரைக்கும் ஊர்ல அரசுப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சிச்சு, நல்லாத்தான் படிச்சிச்சு. 2023ல அந்த ஸ்கூல்காரங்க பேஸ்புக்ல போட்ட வீடியோவப் பாத்துட்டு மாத்தச் சொன்னது நான்தான். ஸ்மார்ட் போர்டு, கம்ப்யூட்டர் லேப், பொண்ணுங்க மட்டும், பஸ்ஸு வீட்டு வாசலுக்கே வரும், பத்தாவதுல 100 சதவீதம் தேர்ச்சின்னு பெரிய பிளக்ஸு. அக்கா அப்பவே கேட்டுச்சு, "ஏன் தம்பி, இங்க என்ன கொறச்சல், டீச்சருக நல்லாத்தான சொல்லித் தர்றாக"ன்னு. நான் கேக்கல, இங்கிலீஷ் வேணும்க்கா, காசு நான் அனுப்புறேன்னு முடிச்சிட்டேன்.

வருஷத்துக்கு 38 ஆயிரம், ஜூன் 10க்குள்ள மொத்தமா கட்டணும்னாங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, கரையில ஒருத்தன் கையிலயும் காசு இருக்காது, அந்த நேரம் பாத்துத்தான் பீஸ் கேப்பாங்க, அதனால நம்மாளுங்க கடன வாங்கிக் கட்டிட்டு ரசீது என்னன்னு கூட பாக்காம வந்துருவாங்க. நான் லீவுல வந்து பாத்தப்ப கையெழுத்து சீல் எல்லாம் வச்ச ரசீது 14,500க்கு மட்டும்தான் இருக்கு, மிச்சம் 23,500க்கு ஒரு துண்டுச்சீட்டு, அதுல "இதர"ன்னு ஒரே ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுல 2009லயே சட்டம் போட்டாச்சு, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில ஒரு கமிட்டி ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் இவ்வளவுதான் பீஸ்னு நிர்ணயம் பண்ணுது, அதுக்கு மேல வாங்கக்கூடாது. அந்த ஆர்டர காட்டுங்க சார்னு கேளுங்க. நான் கேட்டேன், ஆபீஸ்ல இருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பாத்துட்டு கரஸ்பாண்டன்ட் ஊர்ல இல்லன்னுச்சு. மூணு தடவ போனேன், மூணு தடவையும் ஊர்ல இல்ல.

ஆனா காசு கூட எனக்குப் பெருசா தெரியல. அக்கா போன்ல ஒரு விஷயம் சொல்லிட்டே இருக்கும், தண்ணி பாட்டில் காலையில ரொப்பி விடுறது சாயங்காலம் அப்படியே திரும்பி வருது, கேட்டா தாகமில்லம்மாங்குறான்னு. நம்ம ஊர் வெயில்ல, அதுவும் ஏப்ரல்ல, ஒரு புள்ள காலையில 8 மணில இருந்து சாயங்காலம் 5 மணி வரைக்கும் தண்ணி குடிக்காம இருக்குன்னா என்ன அர்த்தம்னு எங்க யாருக்கும் புரியல. ரெண்டு தடவ காய்ச்சல், நீர்க்கடுப்பு, அடிவயித்து வலின்னு ராம்நாடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனப்பதான் அந்த டாக்டரம்மா புள்ளைகிட்ட தனியா கேட்டிருக்காங்க, ஸ்கூல்ல பாத்ரூம் போவியாம்மான்னு. அப்பதான் அழுதுட்டே சொல்லியிருக்கு. முந்நூறு பொண்ணுங்களுக்கு தாப்பா போடுற மாதிரி இருக்குறது ரெண்டே பாத்ரூம், வாளில தண்ணி இருக்காது, இருந்தா உப்புத் தண்ணி, மாசாந்திர நாள்ல நாப்கின் போட ஒரு கூடை கூட கெடையாது, பாதிப் பொண்ணுங்க அந்த மூணு நாள் லீவு போட்டுருவாங்களாம். பெண்கள் பள்ளிக்கூடம்னு போர்டு வச்சிருக்குற எடத்துல இது. எனக்கு அன்னிக்கு ரூம்ல சோறு எறங்கல.

அதனால சொல்றேன், அட்மிஷனுக்குப் போனா ஆபீஸ் ரூம்ல காபி குடுப்பாங்க, லேப கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க, நீங்க பாத்ரூம காட்டுங்கன்னு கேளுங்க. ஆம்பளைய அனுப்பாதீங்க, அக்காவோ அம்மாவோ உள்ள போய் குழாயத் திறந்து பாக்கட்டும், தாப்பா போட்டுப் பாக்கட்டும். மொகம் சுளிச்சா அந்த எடத்துலயே திரும்பி வந்துருங்க. கும்பகோணத்துல 2004 ஜூலை 16ல 94 புள்ளைங்க தீயில போனதுக்கு அப்பறம் கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றிதழ் எல்லாத்தையும் அங்கீகாரத்துக்குக் கறாரா கேக்க ஆரம்பிச்சாங்க, அந்தக் காகிதத்துல தேதி முடிஞ்சிருக்கான்னு பாக்குறதுக்கு நமக்கு எல்லா உரிமையும் இருக்கு.

படிப்பு விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வருஷத்துல கணக்குக்கு மட்டும் 5 மிஸ்ஸு மாறியிருக்காங்க. சம்பளம் பத்தல, வேற வேலை கெடச்சா போயிர்றாங்க, அந்தப் புள்ளைகள நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா நடுவுல நாலு மாசம் ஆளே இல்ல, பிடி மிஸ் வந்து உக்காந்து போர்டுல இருந்து எழுதிக்கச் சொல்லியிருக்காங்க. லீவுல வந்தப்ப கணக்கு நோட்டப் புரட்டுனேன், முதல் 12 பக்கத்துல செவப்பு மையில டிக்கு, அதுக்கு மேல கடைசி வரைக்கும் ஒருத்தர் பேனாவும் படல. புள்ள தப்பாப் போட்ட கணக்கு தப்பாவே கெடக்கு. ஸ்மார்ட் போர்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் கவர் இன்னும் பிரிக்கலையாம். சாயங்காலம் ஸ்கூல் விடுற நேரத்துக்கு கேட்டுக்கு வெளிய நின்னு ஒன்பதாவது படிக்கிற புள்ளைங்ககிட்ட, "ஏம்மா கணக்கு யாரு எடுக்குறா, எவ்வளவு நாளா"ன்னு அவங்க அம்மாக்கள வச்சுக் கேட்டிருந்தாலே எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

இப்ப அந்த 100 சதவீதம் எப்படி வருதுன்னு சொல்றேன், முக்கியமா இதக் கவனிங்க. 2025 மார்ச்ல அக்காவக் கூப்பிட்டு விட்டாங்க. உங்க பொண்ணு பத்தாவது தாங்காது, நீங்களா எழுதிக் குடுத்து டிசி வாங்கிக்கிட்டா பாஸ் போட்டுத் தர்றோம், இல்லன்னா ஒன்பதாவதுலயே ஃபெயில்தான்னு சொல்லியிருக்காங்க. நம்ம மாநிலத்துல எட்டாவது வரைக்கும் ஃபெயில் போட மாட்டாங்க, ஒன்பதாவதுல போடலாம், அங்கதான் கைய வைக்கிறாங்க. புள்ளையோட கிளாஸ்ல 41 பேரு, அதுல பத்தாவதுக்குப் போனது 28. மிச்ச 13 பேரையும் வெளிய தள்ளிட்டா பிளக்ஸ்ல 100 வராம என்ன வரும். நாலு மாசம் கணக்கு டீச்சர் இல்லாம வச்சிட்டு கணக்குல வீக்குன்னு வெளிய அனுப்புறாங்க, இத எங்க போய்ச் சொல்றது.

தேர்ச்சி சதவீதத்தக் கேக்காதீங்க. போன வருஷம் ஒன்பதாவதுல எத்தன பேரு, இந்த வருஷம் பத்தாவதுல எத்தன பேருன்னு கேளுங்க. அவங்க சொல்லலன்னாலும் எல்லா ஸ்கூலுக்கும் 11 இலக்கத்துல யுடைஸ் நம்பர் இருக்கு, அத வச்சு நெட்ல பாத்தா வகுப்புவாரியா எத்தன புள்ளைங்க, எத்தன டீச்சர், எத்தன கழிப்பறைன்னு வருது. ஸ்கூல்காரங்களே குடுக்குற கணக்குதான், முழுசா நம்ப முடியாது, ஆனா எண்ணிக்கை திடீர்னு விழுந்திருந்தா அது கண்ணுக்குத் தெரியும். சிபிஎஸ்இ பேட்டர்ன்னு போர்டு போட்டிருந்தா சிபிஎஸ்இ குடுத்த இணைப்பு நம்பரக் கேளுங்க, பேட்டர்ன்ங்குறது அங்கீகாரம் இல்ல.

சரி வெளிய போறோம் டிசி குடுங்கன்னா கோடை மாசத்துக்கு பஸ் பீஸ் பாக்கி 9 ஆயிரம் வச்சாத்தான் தருவோம்னாங்க. பஸ்ஸே ஓடாத மாசத்துக்கு. பீஸ் பாக்கிய வசூல் பண்றதுக்கு டிசிய ஒரு கருவியா வச்சுக்கக்கூடாதுன்னு 2024லயே சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கு. அக்காவ பள்ளிக்கல்வித்துறையோட உதவி நம்பர் 14417க்கு போன் போடச் சொன்னேன், திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனுவும் குடுத்துச்சு, நண்டு கம்பெனியில அரைநாள் சம்பளம் போச்சு, 9 நாள்ல டிசி தானா வீட்டுக்கு வந்துச்சு.

திரும்ப அரசு பெண்கள் பள்ளியில சேக்கப் போனப்பதான் ஹெச்எம் அம்மா சொன்னாங்க. திட்டல, மெதுவாத்தான் சொன்னாங்க. ஆறாவதுல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்ச பொண்ணு காலேஜ் போனா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும், மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, அப்பறம் இன்ஜினியரிங், விவசாயம், மீன்வளம், சட்டம் எல்லாத்துக்கும் வந்துச்சு, நடுவுல ரெண்டு வருஷம் காசு கட்டி வெளிய படிச்சிட்டா அது போச்சும்மான்னு. ஆர்டிஇ சீட்ல, அதாவது தனியார் பள்ளியில அரசே பீஸ் கட்டுற இலவச சீட்ல, எட்டாவது வரைக்கும் போனவங்களுக்கு வேற விதி இருக்காம், எங்க புள்ள நான் அனுப்புன காசுல படிச்சது. 7.5 வந்தது 2020ல, புதுமைப்பெண் 2022 செப்டம்பர்ல. ரெண்டும் நான் மாத்தச் சொன்னப்பவே இருந்துச்சு, ஒரு வார்த்த அந்த ஹெச்எம்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. புள்ளைக்கு தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில சேரணும்னு ஆசை, அப்பா படகுல வர்ற மீனையெல்லாம் பேரு சொல்லி வளந்தவ. அந்தச் சீட்டுக்குப் போற ஒரு வழிய நான்தான் அடைச்சிட்டேன்னு நெனைக்கும்போது டியூட்டியில கை ஓட மாட்டேங்குது. "பரவால்ல மாமா, நான் மார்க்குலயே வாங்குறேன்"ங்குது அது.

இப்ப அங்கதான் பத்தாவது படிக்குது. கணக்கு டீச்சர் சாயங்காலம் ஒரு மணி நேரம் நிறுத்தி வச்சு சொல்லித் தர்றாங்களாம், போன டெஸ்ட்ல 61. தண்ணி பாட்டில் காலியா வருதுன்னு அக்கா சொல்லுச்சு.

ரசீது இல்லாத காசு ரெண்டு வருஷத்துக்கும் சேத்து 47 ஆயிரம், அந்த மனுவுக்கு மட்டும் இன்னும் பதில் இல்ல. துண்டுச்சீட்டு ரெண்டையும் லேமினேட் போட்டு வச்சிருக்கோம். ஒன்பதாவதுல வெளிய தள்ளுன மத்த 12 பேரு வீட்டுலயும் அதே மாதிரி சீட்டு இருக்கும், தூக்கிப் போட்டுறாதீங்க, அடுத்த லீவுக்கு வந்ததும் எல்லாருமா சேந்து போயி குடுப்போம்.