பிணைக்கப்பட்ட காய் காவல் காக்காது: சதுரங்கப் புதிர்களோடு சில ஆண்டுகள்

2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் எழுந்த ஆர்வம் என் பேத்தியையும் தொற்றிக்கொண்டது. அன்று முதல் நாங்கள் இருவரும் மாலை வேளைகளில் லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் புதிர்களைப் போட்டு வருகிறோம். கட்டணமோ விளம்பரமோ இல்லாத தளம் அது. புதிர்களும் அங்கே உண்மையில் ஆடப்பட்ட ஆட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. எதிராளியின் கடைசி நகர்வு திரையில் நடந்து முடிந்ததும் நம்முடைய முறை வந்துவிடும். இந்த நீண்ட பழக்கத்தில் எங்களுக்கு அதிகம் பயன்பட்டவை வெட்டும் பிணைப்பும் சேர்ந்து வரும் புதிர்கள்தாம். ஒரு காய் நகர்ந்தால் அதன் பின்னால் நிற்கும் ராஜாவோ பெரிய காயோ தாக்குதலுக்கு ஆளாகும் நிலையைத்தான் பிணைப்பு என்கிறோம்.

அடிக்கடி வரும் ஓர் அமைப்பைச் சொல்கிறேன். வெள்ளை ராஜா ஜி1இலும் யானை எஃப்1இலும் இருக்கின்றன (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்); சிப்பாய்கள் எஃப்2, ஜி3, எச்3 கட்டங்களில் நிற்கின்றன. கறுப்பு மந்திரி சி5இலிருந்து குறுக்குக் கோட்டில் எஃப்2 சிப்பாயைப் பார்க்கிறது. இடையில் தடை எதுவும் இல்லை. இங்கே கறுப்பு ராணி ஜி3 சிப்பாயை வெட்டிச் செக் வைப்பதுதான் விடை. முதன்முறை இதைப் பார்த்த பேத்தி, "ஐயா, சிப்பாய் வெட்டிருமே, ராணி போயிருமே!" என்றாள். "அந்தச் சிப்பாய் நகந்தா ராஜாவுக்கு யாரு செக் வைக்கிறதுன்னு பாரு ஆத்தா" என்றேன். சிறிது நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவள், விரலால் சி5இலிருந்து ஜி1 வரை கோடிழுத்துக் காட்டினாள். எஃப்2 சிப்பாய் அசைய விதி இடம் தராது. ராஜா ஒதுங்குவதற்கு எச்1 மட்டுமே இருக்கிறது. அடுத்த வெட்டில் எச்3 சிப்பாயும் செக்கோடு போகிறது.

பின்னால் ராஜா நிற்கும் பிணைப்புக்கும் ராணியோ யானையோ நிற்கும் பிணைப்புக்கும் உள்ள வேறுபாட்டை இப்புதிர்கள் நன்றாகப் பதிய வைக்கின்றன. பின்னது விதியால் வருவதன்று, இழப்புக்கு அஞ்சி நாமே ஏற்றுக்கொள்ளும் தடை. குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்டு என்ற ஆட்டத் தொடக்கத்தில் வரும் எலிஃபன்ட் டிராப் என்ற பொறி இதற்குச் சிறந்த பாடம். ஜி5இல் உள்ள வெள்ளை மந்திரி எஃப்6 குதிரையை டி8 ராணியோடு பிணைத்திருப்பதை நம்பி, வெள்ளை டி5 சிப்பாயைக் குதிரையால் வெட்டினால், கறுப்பு அந்த எஃப்6 குதிரையாலேயே திருப்பி வெட்டுகிறது. வெள்ளை கறுப்பு ராணியை எடுத்தவுடன் பி4இல் கறுப்பு மந்திரி செக் வைக்கிறது. வெள்ளை தன் ராணியைக் குறுக்கே நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. வெட்டெல்லாம் முடிந்தபின் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் வரவு, ஒரு குதிரை செலவு.

இன்னொரு நுட்பமும் உண்டு: பிணைக்கப்பட்ட காய் நகர முடியாவிட்டாலும், அது தாக்கும் கட்டத்திற்கு எதிரி ராஜா வர முடியாது. இதை மறந்துவிட்டால் எளிய செக்மேட்டும் கண்ணில் படாது.

லிச்செஸில் புதிர்களுக்கான தரப்புள்ளி, அதாவது நம் திறனை அளக்கும் மதிப்பெண், 1500இல் தொடங்குகிறது. தொடக்கத்தில் எளிய நிலையைத் தேர்ந்துகொள்வது நல்லது. தலைப்பு வாரியாகவும் பயிற்சி செய்யலாம். ஆனால் பிணைப்பு என்று தெரிந்துகொண்டு தேடினால் பாதி விடை கைக்கு வந்துவிடுகிறது. முறை பழகும் வரை அது உதவும், அதற்குப் பிறகு எல்லா வகையும் கலந்து வரும் புதிர்களே மேல் என்பது என் உறுதியான கருத்து. தளத்தில் வரும் எந்தப் புதிரிலும் வெற்றிக்கோ சமநிலைக்கோ ஒரு வழி ஒளிந்திருப்பது உறுதி. நேரடி ஆட்டத்தில் அந்த உறுதி கிடையாது. அதனால் இப்போது நிலையை மரப்பலகையில் அடுக்கி வைத்து, வெட்டுக்கு வரும் ஒவ்வொரு பதில் வெட்டையும் பேத்தி வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் திரையைத் தொடுகிறோம். வேகம் குறைந்திருக்கிறது, ராணியை வீணாக இழப்பதும் அவளுடைய ஆட்டங்களில் வெகுவாகக் குறைந்திருக்கிறது.