இணையவழியில் தொடக்கநிலை இயற்கணிதம்: வாஷிங்டன் மாநிலக் கம்யூனிட்டி கல்லூரி ஒன்றில் படித்த அனுபவம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஒரு கம்யூனிட்டி கல்லூரியில் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்புகளை நடத்தும் பொதுக் கல்லூரி) தொடக்கநிலை இயற்கணிதப் பாடத்தை முழுக்க முழுக்க இணையவழியில் படித்து முடித்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன்பின் இடைநிலை இயற்கணிதம், புள்ளியியல், அறிமுக வேதியியல் ஆகியவற்றையும் அங்கேயே முடித்துவிட்டு, இப்போது செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நிலையில் இருக்கிறேன். பாடம் முடிந்த கையோடு எழுதியிருந்தால் காணொளிகளின் தரம், வீட்டுப்பாடத் தளத்தின் வசதி என்று எழுதியிருப்பேன். அந்தப் பாடத்தின் மீது அடுத்தடுத்த பாடங்களை ஏற்றிப் பார்த்த பிறகு, எதைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் என் கருத்து மாறியிருக்கிறது.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவள் நான். மேல்நிலையில் வரலாறு குரூப், கல்லூரியிலும் வரலாறு. இங்கே செவிலியர் படிப்புக்கு முன் முடிக்க வேண்டிய பாடங்களில் புள்ளியியலும் உண்டு. அதில் நேரடியாகச் சேர வேண்டுமானால் தகுதிநிலைத் தேர்வில் உரிய மதிப்பெண் வேண்டும். நான் எழுதியது அலெக்ஸ் என்னும் கணினித் தேர்வு. அதில் அதிகபட்சம் 30 கேள்விகள்தான். ஒரு கேள்விக்கு அளிக்கும் விடையைப் பொறுத்தே அடுத்த கேள்வி அமையும். என் மதிப்பெண் என்னைத் தொடக்கநிலை இயற்கணிதத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. இந்தப் பாடத்தின் எண் 100க்குக் கீழே இருக்கும். ஐந்து கிரெடிட்டுக்குப் பணம் கட்டினாலும் அந்தக் கிரெடிட் பட்டத்துக்குச் சேராது. அடுத்த பாடத்துக்குப் போக, 4.0 என்ற அளவுகோலில் குறைந்தது 2.0 பெற வேண்டும்.

பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்தவருக்குப் புதியது என்று அதிகம் இல்லை. ஒருபடிச் சமன்பாடுகள், அசமன்பாடுகள், நேர்க்கோட்டு வரைபடங்கள், இரண்டு மாறிகள் கொண்ட சமன்பாட்டுத் தொகுப்பு, பல்லுறுப்புக் கோவைகள், காரணிப்படுத்துதல், விகிதமுறு கோவைகள், வர்க்கமூலங்கள், இறுதியில் இருபடிச் சமன்பாடுகளின் தொடக்கம் என்று போகும். சிரமம் பாடத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலக் கம்யூனிட்டி கல்லூரிகள் காலாண்டு முறையில் இயங்குகின்றன. மற்ற பல மாநிலங்களில் ஏறத்தாழ நான்கு மாதங்களில் நடத்துவதை இங்கே பதினோரு வாரத்தில், தேர்வு உட்பட, முடித்துவிடுகிறார்கள். நீண்ட பருவமுறை உள்ள கல்லூரி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். கோடைக் காலாண்டின் இணைய வகுப்பு இன்னும் குறுகியது. பல ஆண்டுகள் கணக்கைத் தொடாதவர்கள் அதன் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

வகுப்பின் கட்டுமானத்தில் இரண்டு அடுக்குகள் இருந்தன. கேன்வாஸ் என்னும் தளத்தில் அறிவிப்புகள், காணொளிகள், கலந்துரையாடல் ஆகியவை. அதிலிருந்து இணைப்பு வழியாகப் போகும் தனி வீட்டுப்பாடத் தளத்தில் கணக்குகள். இந்த இரண்டாவது தளத்துக்கு, நூறு டாலரை ஒட்டிய விலையில் ஓர் அணுகல் குறியீட்டை வாங்க வேண்டியிருந்தது. கணக்கைப் போட்டு விடையை உள்ளிட்டவுடன் பச்சைக் குறியோ சிவப்புக் குறியோ வந்துவிடும். தவறினால் அதே மாதிரிக் கணக்கு வேறு எண்களோடு மறுபடி வரும். முதல் சில வாரங்களில் இது பெரிய வரமாகவே தெரிந்தது. இரவு பதினொரு மணிக்கு, வீடு உறங்கிய பிறகு உட்கார்ந்து படிக்கும் ஒருவருக்கு உடனடியாக விடை சரிபார்க்கும் வசதி சாதாரணமானதன்று.

அந்தத் தளத்தின் வரம்பு எங்கே இருக்கிறது என்பதை எங்கள் ஆசிரியை கொடுத்த ஒரே ஒரு கணக்கு காட்டிக்கொடுத்தது. மாறியை ‘க’ என்று வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கு இதுதான்: 5 − 3(க − 4) = 2. முறைப்படி செய்தால் அடைப்பை முதலில் விரிக்க வேண்டும்: 5 − 3க + 12 = 2, அதாவது 17 − 3க = 2, எனவே க = 5. வகுப்பில் பலர் முதலில் 5இலிருந்து 3ஐக் கழித்துவிட்டு, 2(க − 4) = 2 என்று எழுதியிருந்தார்கள். அது முற்றிலும் தவறு. பெருக்கலை முடிக்காமல் கழிக்கக் கூடாது. ஆனால் அந்தத் தவறான வரியைத் தொடர்ந்தாலும் க − 4 = 1 என்றாகி, க = 5 என்ற சரியான விடையே வருகிறது. வீட்டுப்பாடத் தளம் இப்படிச் செய்தவருக்கும் பச்சைக் குறியைத்தான் போடும். ஆசிரியை அந்தக் கணக்கை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து, தளத்தில் வைக்காமல், வாரந்தோறும் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்ப வேண்டிய கையெழுத்துப் பயிற்சியில் வைத்திருந்தார். அடுத்த வாரக் காணொளியில், விடை சரியாக இருந்தும் மதிப்பெண் குறைந்தது ஏன் என்று விளக்கினார்.

அந்த வாரம் முதல் என் கவனம் பச்சைக் குறியிலிருந்து தாளுக்கு மாறியது. வாரம் ஒருமுறை நான்கைந்து கணக்குகளை வரிவரியாக எழுதி, ஃபோனில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக அனுப்புவதை வகுப்பில் பலர் தொல்லையாக நினைத்தார்கள். அந்தத் தாளில் சமக்குறிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கவில்லை என்றால்கூட ஆசிரியை சிவப்பு மையில் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவார். சில நேரம் இது மிகை என்றும் தோன்றியதுண்டு. ஆனால் பின்னர் புள்ளியியலில் ஒரு சூத்திரத்தை இடம் மாற்றி எழுத வேண்டியபோதும், வேதியியலில் கரைசலின் செறிவைக் கணக்கிட்டபோதும் எனக்குக் கைகொடுத்தது இந்த வரிசைப் பழக்கம்தான். இணையவழி இயற்கணித வகுப்பின் தரத்தை நிர்ணயிப்பது மென்பொருள் அன்று. நீங்கள் எழுதிய படிகளை ஒரு மனிதர் படிக்கிறாரா என்பதுதான். எனவே பதிவு செய்வதற்கு முன், கையால் எழுதிய பணிகள் உண்டா, அவற்றைத் திருத்துவது யார் என்று பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. 2021 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள அமெரிக்க மத்தியக் கல்வித் துறை விதியின்படி, ஆசிரியர் தாமே முன்வந்து மாணவரோடு முறையாகவும் பொருள்பொதிந்த வகையிலும் தொடர்புகொள்ளும் வகுப்புதான் தொலைநிலைக் கல்வி என்ற வகையில் சேரும். மென்பொருளே முழுவதையும் நடத்திக்கொள்ளும் என்றால் அது வேறு வகை.

விடையை உள்ளிடுவதில் இருந்த நச்சரிப்பையும் சொல்ல வேண்டும். அசமன்பாட்டுக்கு விடை எழுதும்போது முடிவிலிக் குறிக்குப் பதிலாக ஆங்கிலச் சிறிய ‘ஓ’ எழுத்தை இருமுறை தட்ட வேண்டும். எண் அடங்கும் என்றால் சதுர அடைப்பு, அடங்காது என்றால் வளைவு அடைப்பு. பின்னமாகக் கேட்ட இடத்தில் 1.5 என்று எழுதினால் தவறு, 3/2 என்றால் சரி. இதற்குப் பழக இரண்டு வாரம் போதும் என்றாலும், அந்த இரண்டு வாரமும் கணக்குத் தெரிந்தவருக்கே கணக்குத் தெரியாதது போன்ற எண்ணம் வரும். நேர்க்கோட்டின் சமன்பாட்டில் நம் பாடநூல்கள் இறுதியில் ‘சி’ (c) என்று எழுதும் மாறிலியை அமெரிக்க நூல்கள் ‘பி’ (b) என்று எழுதுவது போன்றவை அதைவிடச் சிறியவை.

உண்மையில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தவை வாக்கியக் கணக்குகள். “ஒருவரிடம் டைம்களும் குவார்ட்டர்களுமாக 30 நாணயங்கள் உள்ளன, மொத்த மதிப்பு 5.10 டாலர், ஒவ்வொன்றும் எத்தனை?” என்பது அந்த அத்தியாயத்தின் நிலையான வகை. இங்கே வந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் அட்டையைத் தேய்த்துப் பழகிய எனக்கு, டைம் என்றால் 10 செண்ட், குவார்ட்டர் என்றால் 25 செண்ட், நிக்கல் என்றால் 5 செண்ட் என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே சமன்பாட்டுக்கு வர முடிந்தது. டைம்களின் எண்ணிக்கையை ‘க’ என்று கொண்டால் 10க + 25(30 − க) = 510; விடை 16 டைம், 14 குவார்ட்டர். கணக்கு எளிது. ஆனால் இங்கேயே பள்ளிக்குப் போனவர் யோசிக்காமல் தாண்டும் வரியில் வெளியிலிருந்து வந்தவருக்கு ஒரு நிமிடம் கூடுதலாகப் போகிறது. தேர்வில் அந்த நிமிடத்துக்கு விலை உண்டு. மைல், கேலன், ஃபாரன்ஹீட் எல்லாம் இதே கதைதான். பாடம் தொடங்குவதற்கு முன்பே இவற்றை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

வகுப்பு மெலியத் தொடங்கியது காரணிப்படுத்துதலில். கலந்துரையாடல் பகுதியில் தொடக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பெயர்களில் பாதிக்கு மேல் விகிதமுறு கோவைகள் வரும்போது காணவில்லை. இது எங்கள் வகுப்பின் தனிக் குறை அன்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி கல்லூரி ஆய்வு மையம் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இதே வாஷிங்டன் மாநிலத்தின் 40,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் எடுத்த சுமார் 5 லட்சம் பாடப் பதிவுகளை ஆராய்ந்தது. நேரடி வகுப்போடு ஒப்பிட்டால் இணைய வகுப்பில் பாடத்தை முடிப்பதும் மதிப்பெண்ணும் குறைகின்றன என்றும், ஏற்கெனவே மதிப்பெண் குறைந்த மாணவர்களிடம் இந்தச் சரிவு அதிகம் என்றும் அது கண்டது. தகுதிநிலைத் தேர்வில் கீழே விழுந்தவர்கள் சேரும் பாடத்தை இணையத்தில் நடத்தும்போது இது இரட்டைச் சுமையாகிறது. வேலை நேரமோ குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்போ தடையாக இல்லாதவர்கள் நேரடி வகுப்புக்குப் போவதே மேல் என்று, இணையத்தில் நல்லபடியாக முடித்த நானே சொல்வேன்.

நான் தாக்குப்பிடித்ததற்கு ஆசிரியையின் ஜூம் சந்திப்பு நேரம் ஒரு காரணம். வாரத்தில் இரு மாலைகள் அவர் இணைப்பைத் திறந்து வைத்திருப்பார். பெரும்பாலும் என்னைத் தவிர யாரும் வருவதில்லை. நோட்டைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, “மூன்றாவது வரியை மட்டும் வாசியுங்கள்” என்பார். வாசிக்கும்போதே பிழை தெரிந்துவிடும். கட்டிய கட்டணத்தில் எனக்கு முழு மதிப்பும் கிடைத்தது இந்த அரைமணி நேரங்களில்தான்.

தேர்வுகளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. வீட்டில் எழுதினால் வெப்கேமராவைச் சுற்றிக் காட்டி அறை முழுவதையும் படம்பிடித்து, திரையைப் பூட்டும் மென்பொருளோடு எழுத வேண்டும். இல்லாவிட்டால் கல்லூரியின் தேர்வு மையத்துக்கு நேரில் போகலாம். நான் மையத்துக்கே போனேன். ஒற்றை அறையில் மூவர் வாழும் வீட்டில் அறையைச் சுற்றிக் காட்டுவது நடக்கிற காரியமில்லை. இப்படி அறையைப் படம்பிடிக்கச் சொன்னது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று, கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் ஒஹையோவின் கூட்டாட்சி நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆனாலும் பல கல்லூரிகளில் வழக்கம் தொடர்கிறது. கணக்கைப் படமெடுத்தால் விடையைப் படிகளோடு காட்டும் ஃபோட்டோமேத் போன்ற செயலிகளால் வீட்டுப்பாடத்தை முழு மதிப்பெண்ணோடு கடந்தவர்கள் எங்கள் வகுப்பிலும் இருந்தார்கள். மையத்தில் எழுதிய முதல் தேர்வோடு அவர்களில் சிலர் பாடத்தை விட்டார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது, ஒருபடிச் சமன்பாடு, விகிதம், சாய்வு, அசமன்பாடு ஆகியவை ஏறத்தாழ ஒவ்வொரு வாரமும் தேவைப்படுகின்றன. புள்ளியியலில் போக்குக் கோட்டின் சாய்வைச் சொற்களில் விளக்கச் சொன்னபோது மற்றவர்கள் திணறிய இடத்தில் நான் திணறவில்லை. மாறாக, வகுப்பைப் பாதியாகக் குறைத்த காரணிப்படுத்துதலையும் விகிதமுறு கோவைகளையும் இடைநிலை இயற்கணிதத்துக்கு வெளியே நான் எங்கும் தொடவில்லை. புள்ளியியலுக்குப் போகிறவருக்கு இவ்வளவு தேவையா என்ற கேள்வி நியாயமானது. கலிஃபோர்னியா 2017, 2022ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் பெரும்பாலான மாணவர்களை நேரடியாகப் பட்டநிலைக் கணிதத்திலேயே சேர்க்கச் சொல்லிவிட்டது. எனவே அங்கே இருப்பவர்களுக்கு இந்தப் பாடமே கண்ணில் படாமல் போகலாம். துணைப் பயிற்சியோடு கூடிய புள்ளியியல்தான் கிடைக்கும்.

செலவைப் பற்றிச் சில வார்த்தைகள். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) இருப்பவர்கள் படிக்கத் தடையில்லை, ஆனால் பண வசதி குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை கிடைக்காது. கிரீன் கார்டு உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். அப்படிப் பெறும்போதும், பட்டத்துக்குச் சேராத இத்தகைய பாடங்களுக்கு 30 செமஸ்டர் கிரெடிட் வரைதான் உதவி என்ற வரம்பு இருக்கிறது. அணுகல் குறியீட்டுச் செலவைத் தவிர்க்க வழி உண்டு. இதே மாநிலத்தின் பியர்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் உருவாக்கிய மைஓப்பன்மேத் தளம் இலவசம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட தொடக்கநிலை இயற்கணித நூலும் இலவசம். இவற்றைப் பயன்படுத்தும் பேராசிரியர்களின் வகுப்புகளைப் பல கல்லூரிகளின் பாட அட்டவணையில் தனியாகக் குறித்திருப்பார்கள். நான் பணம் கட்டி வாங்கிய குறியீடு பருவம் முடிந்ததும் காலாவதியாகி, அதில் செய்த கணக்குகள் எல்லாம் அதோடு போய்விட்டன. புள்ளியியல் தொடங்குவதற்கு முன் மறுபடி ஒருமுறை பார்க்க, நான் எடுத்தது ஓப்பன்ஸ்டாக்ஸ் நூலின் இரண்டாம், நான்காம் அத்தியாயங்களையும், சிவப்புக் கோடுகளோடு திரும்பிவந்த அந்தப் பிடிஎஃப் தாள்களையும்தான்.