டிசம்பர் லீவில் நுவரெலியா: ரூமுக்கு முற்பணம் போடும் முன் இதை வாசியுங்கள்

மாரி பிடித்து, பள்ளிக்கூட லீவும் விட்டால் மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பக்கத்து ஆட்கள் வேன் பிடித்து நுவரெலியா போவது வழமை. இரண்டு இரவு, மூன்று பகல். பிள்ளைகளுக்குக் குளிர் காட்டவேண்டும், வாவியில் படகு ஓடவேண்டும், அவ்வளவுதான் திட்டம். இந்தக் கூட்டத்தை எதிர்பார்த்தே நடக்கிற ஏமாற்று ஒன்று உண்டு.

கடந்த லீவில் கல்லடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு நடந்தது இது. பேஸ்புக்கில் பங்களா விளம்பரம்: கிரகரி வாவியைப் பார்த்த ஜன்னல், இரண்டு ரூம், சுடுதண்ணி, ஹீட்டர், சமையலறை. வட்சப்பில் கதைத்து, அரைவாசிக் காசை ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்குப் போட்டார்கள். இரவு எட்டு மணிபோல டவுனுக்குப் போய்ச் சேர்ந்து அழைத்தால், பெற்றோல் செட்டடியில் நிற்கச் சொன்னார்கள். மோட்டார் சைக்கிளில் ஒரு பொடியன் வந்தான். "சார், அந்த பங்களாவுல பைப் ஒடைஞ்சிருச்சு. அதே மாதிரி வேற எடம் இருக்கு, வாங்க" என்றான். கூட்டிப்போன இடம் மரக்கறித் தோட்டத்துக்கு மேலே, வேன் ஏறத் திணறும் ஒழுங்கையில் ஒரு வீட்டின் கீழ்த்தட்டு. சுவரெல்லாம் பூஞ்சணம். ஹீட்டருக்குத் தனிக் காசு. சுடுதண்ணி காலையில்தான். சாமான் இறக்கும் முன்னமே மீதிக் காசையும் கேட்டான். மூன்று வயதுப் பிள்ளை குளிரில் நடுங்கி அழுகிறது, கைக்குழந்தை பாலுக்குக் கத்துகிறது. தகப்பன் எண்ணிக் கொடுத்துவிட்டார்.

எந்தப் பைப்பும் உடையவில்லை. விளம்பரத்தில் இருந்த பங்களா அவர்களுடையதே இல்லை, படங்கள் வேறொரு இடத்தின் பக்கத்திலிருந்து எடுத்தவை. இதில் இன்னொரு வகையும் உண்டு. பங்களா உண்மையிலேயே அவர்களுடையதுதான். ஆனால் கடைசி நேரத்தில் கூடின காசுக்கு ஆள் வந்தால், முதலில் முற்பணம் போட்டவரை இப்படிக் கழற்றிவிடுவார்கள். இரண்டுக்கும் மூலதனம் ஒன்றுதான்: இருட்டும், குளிரும், கையில் இருக்கிற சின்னப் பிள்ளையும். பிள்ளை இல்லாத பொடியன்கள் கூட்டம் என்றால் "காசைத் தா" என்று நின்று சண்டை பிடிக்கும், இல்லாவிட்டால் வேனிலேயே படுக்கும். பிள்ளைக்காரரால் அது முடியாது. அது ஏமாற்றுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் முதல் வேலை, பகலில் போய் இறங்குவது. மட்டக்களப்பிலிருந்து செங்கலடி, மகாஓயா, பிபிலை, பசறை, பதுளை, வெலிமடை வழியாகச் சுமார் 220 கிலோமீட்டர். பிள்ளைகளோடு நிறுத்தி நிறுத்திப் போனால் ஏழு மணித்தியாலம் வையுங்கள். விடியற்காலை 5 மணிக்கு வெளிக்கிட்டால் மதியம் போய்ச் சேரலாம், ரூமும் பெரும்பாலும் 2 மணிக்குத்தான் தருவார்கள். அதைவிட வெள்ளென வெளிக்கிட வேண்டாம். புல்லுமலை, மகாஓயாப் பக்கம் இருட்டில் யானை ரோட்டில் நிற்கும். பதினொரு மணிக்குப் புறப்பட்டு "பொழுதுபடப் போயிடலாம்" என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் வெலிமடைக்கு மேலே பனிமூட்டத்தில் மாட்டி, எட்டு மணிக்குப் போய் நிற்கிறவர்கள். பகலில் போனால், ரூம் மனசுக்குப் பிடிக்காவிட்டால் வேறு நாலு இடம் ஏறி இறங்கிப் பார்க்க நேரம் இருக்கும். அந்த நேரம் இருக்கிறது என்று தெரிந்தாலே எதிரே நிற்கிறவனின் கதை மாறும்.

இன்னொன்று, டிசம்பரில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாயம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். நீங்கள் போகிற வழியில் பசறைக்கோ ஹாலிஎலைக்கோ செம்மஞ்சள் விழுந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பாதை திறந்திருக்கிறதா என்று அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117இல் கேட்கலாம். "மழை வெள்ளத்தால் வரமுடியாமல் போனால் முற்பணம் திருப்பித் தருவீர்களா, அல்லது வேறு திகதிக்கு மாற்றுவீர்களா" என்பதை காசு போடும் முன்னமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்க்கதை, வொயிஸ் மெசேஜ் வேண்டாம்.

ரூம் பிடிக்கும்போது படத்தை நம்பவேண்டாம். வீடியோ அழைப்பு எடுத்து, ரோட்டில் நிற்கிற பெயர்ப்பலகையிலிருந்து தொடங்கி, வாசல், ரூம், குளியலறைக் குழாய் வரைக்கும் இடையில் நிறுத்தாமல் காட்டச் சொல்லுங்கள். உண்மையான இடமென்றால் இரண்டு நிமிட வேலை. "இப்ப ஆள் இருக்கு, பிறகு காட்டுறேன்" என்று மூன்று தரம் சொன்னால் விட்டுவிடுங்கள். விளம்பரப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், வேறு பெயரில் வேறு ஊரில் கிடந்தால் அங்கேயே கதை முடிந்தது. கணக்குப் பெயரும் இடத்தின் பெயரும் வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சின்ன இடங்களில் முதலாளியின் சொந்தக் கணக்கு இருப்பது சாதாரணம், ஆனால் அந்தப் பெயர் பலகையிலோ பற்றுச்சீட்டிலோ எங்காவது தெரியவேண்டும். ஈஸி கேஷில் ஒரு போன் நம்பருக்குப் போடச் சொன்னால் போடாதீர்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்த இடமா என்று அதன் இணையத்தளத்தில் பார்க்கலாம், 1912இலும் கேட்கலாம். முற்பணமாக ஒரு இரவுக் காசுக்கு மேல் கொடுக்கத் தேவையே இல்லை. மீதி, ரூமைப் பார்த்த பிறகு.

ரூமைப் பார்ப்பது என்றால் கட்டிலையும் டீவியையும் பார்ப்பதல்ல. முதலில் சுடுதண்ணிக் குழாயைத் திறந்து மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். 30 லீட்டர் கீசர் ஒரு தரம் சூடானால் இளஞ்சூட்டில் மூன்று வாளி வரும், அவ்வளவுதான். திரும்பச் சூடாக முக்கால் மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் எடுக்கும். ஆறு பேர் வரிசையாகக் குளிக்க நினைத்தால் கடைசி இரண்டு பேருக்குப் பச்சைத்தண்ணிதான். ஆகவே பிள்ளைகளை முதலில் குளிப்பாட்டுங்கள். கூரையில் சோலர் தொட்டி மட்டும் இருந்தால், மூடின வானத்து டிசம்பரில் அது சும்மா அலங்காரம். மின்சாரத்தில் சூடாக்குகிற வசதியும் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது படுக்கை. உள்ளங்கையை விரித்துத் தலையணையிலும் மெத்தையிலும் அழுத்தி, ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருப்பது வேறு, ஈரம் வேறு. ஈரமென்றால் கை எடுத்த பிறகும் உள்ளங்கை பிசுபிசுக்கும். கம்பளியை முகர்ந்தாலே பூஞ்சண மணம் தெரியும். இழுப்புக்காரப் பிள்ளையை அந்த ரூமில் படுக்கவைக்கக் கூடாது. பெட்சீட் இரண்டு வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

ஹீட்டர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டியிருக்கிறது. விளம்பரத்தில் "ஹீட்டர் உண்டு" என்று இருக்கும், போனால் இரவுக்கு இவ்வளவு என்று தனிக் காசு. இதைப் போனிலேயே பேசி முடியுங்கள். வந்த ஹீட்டரின் பின்பக்க ஒட்டுக்குறிப்பில் வோட்ஸ் பாருங்கள். 2000 வோட்ஸ் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். அதை 13 அம்பியர் சதுரப் பிளக்கில்தான் குத்தவேண்டும். பழைய வீடுகளில் 5 அம்பியர் வட்டப் பிளக்குக்கு ஒரு அடப்டரைப் போட்டு மாட்டித் தருவார்கள், இல்லாவிட்டால் மல்டி பிளக் வயரில் போன் சார்ஜரோடு சேர்த்துக் குத்துவார்கள். அரை மணித்தியாலத்தில் பிளக்கைத் தொட்டால் சுடும், பிறகு உருகும். பிள்ளையின் ஈரச் சொக்ஸைக் காயவென்று ஹீட்டர் மேல் போடவே கூடாது.

ஹீட்டர் இல்லையென்றால் சில இடத்தில் கரிச்சட்டி கொண்டுவந்து வைப்பார்கள். பார்பிகியூ முடிந்த அடுப்பைக் குளிருக்கு உள்ளே இழுத்து வைக்கிற ஆட்களும் உண்டு. எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். கதவு ஜன்னல் பூட்டின ரூமில் கரி எரிந்தால் காபன் மொனொக்சைட் நிறையும். மணம் இல்லை, நிறம் இல்லை, புகைகூட வராமல் இருக்கும். தலையிடி, சத்தி, நித்திரை மயக்கம், இவைதான் அடையாளம். காலையில் பசறை வளைவுகளில் சத்தி எடுத்த பிள்ளை இரவில் திரும்பச் சத்தி எடுத்தால், "வேன் ஓட்டத்தால" என்று பெற்றோர் படுக்கவைத்துவிடுவார்கள். ரூமில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி என்றால் யோசிக்க வேண்டாம், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள், 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். காஸ் ஹீட்டருக்கும் இதே கதைதான்.

வேன் காசில் நடக்கிற விளையாட்டு வேறு. "நாளுக்கு இவ்வளவு" என்று கேட்கக் குறைவாக இருக்கும். நாளுக்கு 100 கிலோமீட்டர்தான் அதில் அடக்கம் என்பதைச் சொல்லமாட்டார்கள். கணக்கைப் பாருங்கள்: போக வர 440, அங்கே ஓடுகிறது 60 என்றால் மொத்தம் 500. மூன்று நாளுக்கு 300தான் அடக்கம். மிச்சம் 200 கிலோமீட்டருக்கும் மேலதிகக் கட்டணம், திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது வரும். மீற்றர் எங்கிருந்து தொடங்குகிறது என்பதும் முக்கியம். வேன் நிற்கிற இடத்திலிருந்தா, உங்கள் வாசலிலிருந்தா? ஏறும்போது மீற்றரைப் போனில் படமெடுத்து, அந்த இடத்திலேயே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். சாரதியின் சாப்பாடு, படுக்கை யார் பொறுப்பு என்பதையும் முதலே முடியுங்கள். நுவரெலியாக் குளிரில் மனிசனை வேனுக்குள் படுக்கவிட்டு, அடுத்தநாள் அந்த இறக்கங்களில் பிள்ளைகளை அவர் கையில் கொடுப்பது புத்தியல்ல.

காப்புறுதி அட்டையையும் வாங்கிப் பாருங்கள். தனிப்பட்ட பாவனைக்கு என்று எடுத்த வேனை ஹயருக்கு ஓட்டி விபத்து நடந்தால் கம்பனி கைவிரிக்கும். டயர்ப் பூ தேய்ந்திருந்தால் அந்த வேன் வேண்டவே வேண்டாம். 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்து பலர் செத்தது இதே பாதையில்தான். "14 சீட்" என்பதில் நடைபாதையில் மடித்து விரிக்கிற சீட்டுகளும் சேர்த்தி. பிள்ளையோடு அதில் ஏழு மணித்தியாலம் இருக்க ஏலாது, பத்துப் பேருக்கு மேல் ஏற்றாதீர்கள். சத்திக்கு மருந்து கொடுப்பதென்றால் டொக்டரிடம் கேட்டு. இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே வேண்டாம். பிபிலையில் இறக்கி, காற்றுப்படவிட்டு, கொஞ்சமாகச் சாப்பாடு கொடுத்து ஏற்றுவது மருந்தைவிட நல்லது.

உடுப்புக்கு இங்கே கடை கடையாக ஏறி விலை கொடுக்காதீர்கள். பெரியவர்களுக்கான ஜக்கெட் நுவரெலியா பேல் பஜாரில் வாங்கலாம், ஆனால் சிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தே காசு கொடுங்கள். பிள்ளைகளுக்கு வேண்டியது பெரிய ஜக்கெட் ஒன்றல்ல, மெல்லிய உடுப்பு மூன்று அடுக்கு, காதை மூடுகிற தொப்பி, நாளுக்கு இரண்டு சோடி சொக்ஸ். நனைந்த சுவெட்டர் குளிரைக் கூட்டும், ஆகவே மேலே ஒரு மழைக்கோட். பம்பஸ், பால்மா வீட்டிலிருந்தே.

டவுனுக்குள் பெரிய ஏமாற்று இல்லை, சில்லறைக் கடிகள்தான். வாவிக் கரையில் பிள்ளையைக் குதிரையில் தூக்கி வைத்த பிறகுதான் விலை சொல்வார்கள். ஒரு சுற்று எவ்வளவு, எங்கிருந்து எதுவரை, படம் எடுத்தால் தனிக் காசா என்று கேட்டுவிட்டு ஏற்றுங்கள். படகுக்கும் அப்படியே, பிள்ளையின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இல்லையென்றால் ஏறாதீர்கள்.

ஹோட்டன் சமவெளி ஜீப் சவாரியைத்தான் ரூம்காரர்கள் வற்புறுத்தி விற்பார்கள், அவர்களுக்குக் கமிஷன். அங்கே உலக முடிவு என்கிற மலை விளிம்பு வரை நடந்து போய் வருகிற சுற்று ஒன்பது கிலோமீட்டருக்கு மேல், கல்லும் சேறும். முகில் மூடும் முன் பார்க்கவேண்டுமென்றால் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பவேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் அது காசுக்கு வாங்குகிற வேதனை. அந்தப் பகலை ஹக்கலைப் பூந்தோட்டத்திலும் சீதையம்மன் கோயிலிலும் கழிக்கலாம். இரண்டும் நீங்கள் வருகிற வெலிமடை ரோட்டிலேயே கிடக்கின்றன.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்களுக்கு: வட்சப் உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்சொட் எடுங்கள். அந்த விளம்பரத்தையும் எடுங்கள், கேள்வி கேட்டதும் உங்களை புளொக் பண்ணிவிட்டுப் பக்கத்தையே மூடிவிடுவார்கள். காசு போட்ட அன்றே வங்கிக்கு அறிவியுங்கள். போன காசைத் தானாகத் திருப்ப வங்கியால் முடியாது, ஆனால் மற்ற வங்கிக்கு அறிவிக்கலாம். உங்கள் ஊர்ப் பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தை வாங்குங்கள். இடம் இருந்தும் சேவை வேறாக இருந்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு, 1977. பற்றுச்சீட்டு இல்லாமல் அங்கே பேசுவது கஷ்டம், ஆகவே மீதிக் காசை எண்ணிக் கொடுக்கும்போதே, எவ்வளவு குளிராக இருந்தாலும், திகதியும் தொகையும் போட்டு ஒரு துண்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.