ஊகிக்கும் புரொசசர்: ஹட்டனில் இரண்டு நாள் வகுப்பு

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு மாடியறையில், புரொசசர் அடுத்த அடியை எவ்வாறு முன்கூட்டியே ஊகிக்கிறது என்பதை விளக்கும் வார இறுதி வகுப்பொன்றுக்குச் சென்று வந்தேன். முதல் நாளின் பரிசோதனையே கட்டணத்துக்கு ஈடானது. 0 முதல் 255 வரையான எண்களில் 128க்குக் குறையாதவற்றை மட்டும் கூட்டும் அதே நிரல், கலைந்து கிடந்த பட்டியலைவிட வரிசைப்படுத்திய பட்டியலில் பல மடங்கு வேகமாக ஓடியதை எங்கள் மடிக்கணினிகளிலேயே பார்த்தோம். நிரல் ‘கூட்டு’ அல்லது ‘விடு’ என்று பிரியும் இடமே கிளை; வரிசைப்படுத்திய பட்டியலில் அது எப்பக்கம் திரும்பும் என்பதைப் புரொசசர் எளிதில் ஊகித்துவிடுகிறது. அந்த ஊகத்தின் அடிப்படையை விளக்க, 1981இல் கணினி ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்மித் விவரித்த இரண்டு பிட் கவுண்டரை, அதாவது கிளை முன்பு சென்ற திசையை நினைவில் வைக்கும் சிறு எண்ணியை, ஆசிரியர் கரும்பலகையில் படிப்படியாக வரைந்தார். உறுதியாக நம்பிய திசையை அது ஒரே பிழைக்காக மாற்றிக்கொள்வதில்லை.

ப்ரீபெட்ச், அதாவது தேவைப்படும் முன்பே தரவை நினைவகத்திலிருந்து எடுத்து வைத்தல், பற்றிய பகுதியில் அவர் சொன்ன உவமை எங்களுக்கு உடனே பிடிபட்டது. தேயிலை நிரையில் கொழுந்து எடுப்பவரின் கை ஒரு செடியில் இருக்கும்போதே கண் அடுத்த செடிக்குப் போய்விடுகிறது. நினைவகத்தில் அடுத்தடுத்து அடுக்கிய அரே ஒன்றைச் சீராகக் கடக்கும்போது புரொசசரும் அடுத்த 64 பைட்டுகளை அப்படித்தான் முன்னதாக எடுத்து வைக்கிறது. ஒவ்வொரு உறுப்பும் (கணு) அடுத்ததன் முகவரியைத் தன்னுள் வைத்திருக்கும் லிங்க்ட் லிஸ்டில் இது எளிதில் பலிக்காது, ஏனெனில் ஒரு கணு வந்து சேர்ந்த பின்னரே அடுத்ததன் முகவரி தெரியும்.

குறையும் உண்டு. வீட்டில், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் மேம்படுத்தலை இயக்கியதும் அந்த வேக வித்தியாசம் மறைந்துவிட்டது. கம்பைலர் கிளையையே நீக்கிவிடக்கூடும் என்பதை வகுப்பில் எவரும் சொல்லவில்லை. புரொசசரின் இதே ஊகத்தைப் பயன்படுத்தி இரகசியத் தரவைக் கசியவைக்கும், 2018இல் வெளியான ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்குப் பத்தே நிமிடங்கள் ஒதுக்கியதும் போதாது. சி மொழி தெரிந்தவர்கள் தயங்காமல் சேரலாம்.