தேக்கடியா, இரவிகுளமா?

காட்டு விலங்குகளையும் நம் மண்ணின் ஆர்க்கிட் மலர்களையும் ஒரே பயணத்தில் காண விரும்புவோர், கேரளத்தில் பெரியாறு புலிகள் காப்பகம் உள்ள தேக்கடிக்கும், மூணாறு அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கும் இடையே தடுமாறுகின்றனர்.

வழிகாட்டல்: தேக்கடியில் பழங்குடியினரும், ஒருகாலத்தில் திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்து, பின்னர் காவலர்களாக மாறியவர்களும் காட்டுக்குள் அழைத்துச் செல்கின்றனர், சருகில் பதிந்த தடத்தைக் கொண்டே விலங்கைச் சொல்லும் அவர்களின் அறிவுக்கு ஈடில்லை. இரவிகுளத்தில் வனத்துறைப் பேருந்தில் பூங்காவின் ராஜமலைப் பகுதிக்குச் சென்று, அங்குள்ள தார்ச்சாலையில் நடக்கலாம். சாலையை விட்டு இறங்க அனுமதியில்லை.

விலங்குகள்: தேக்கடியில் யானையும் காட்டெருதும் தென்படக்கூடும். இரவிகுளத்தில் வரையாடுகள் சாலையோரத்திலேயே மேயும்.

ஆர்க்கிட்: தேக்கடியில் பெரும்பாலானவை மரக்கிளைகளில் தொற்றி வளர்வதால் இருநோக்கி (பைனாகுலர்) இன்றியமையாதது, வெண்மையில் ஊதாப் புள்ளிகள் தெளித்த நரிவால் ஆர்க்கிட்டின் தொங்கும் கொத்து மே, ஜூனில் மலரும். இரவிகுளத்துப் புல்வெளியிலோ, சட்டிரியம் என்னும் தரை ஆர்க்கிட்டின் இளஞ்சிவப்புப் பூங்கதிர்கள் மழைக்காலத்தில் தரையிலிருந்தே எழும்.

சிரமம்: மழையில் தேக்கடி நடைக்கு அட்டைக்கடியைத் தடுக்கும் காலுறை கட்டாயம் வேண்டும். இரவிகுளம் முதியோருக்கும் எளிது. ஆனால், வரையாடுகள் குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச்சில் பூங்கா மூடப்படும்.

காட்டைக் கற்க விரும்புவோருக்குத் தேக்கடியே என் தேர்வு. குடும்பத்துடன் ஒரு பகல் மட்டுமே உள்ளவர்களுக்கு இரவிகுளம் பொருந்தும்.